வங்காலையில் ஒரு பகல்

“நாங்க போற நேரம் அதுகள் வந்துகொண்டிருந்திச்சு, புள்ள.”

1990 ஆம் ஆண்டைப் பற்றி எங்கள் உம்மம்மா எப்போது பேசினாலும் இந்த ஒரு வாக்கியத்தோடுதான் முடிப்பார். அந்த ஒக்டோபர் மாதக் கடைசியில் மன்னார்த் தீவில் இருந்த முஸ்லிம்கள் எல்லோரும் சில நாட்களுக்குள் ஊரை விட்டுப் போகவேண்டி வந்தது. எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்து வள்ளம் ஏறிக் கல்பிட்டியில் இறங்கியவர்களில் உம்மம்மாவும் ஒருவர். அப்போது என் உம்மாவுக்கு ஒன்பது வயது. மாமா மடிக்குழந்தை. வள்ளம் கரையை விட்டு விலகியபோது வானத்தில் பூநாரைகள் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தனவாம். ஊரைப் பற்றி உம்மம்மா கடைசியாகக் கண்ணால் கண்டது அதுதான். வீட்டைத் திரும்பிப் பார்க்க மனம் வரவில்லை என்பார். அதனால் மேலே பார்த்தாராம்.

நான் பிறந்து வளர்ந்தது புத்தளத்தில். பூநாரை என்ற சொல்லைச் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஆனால் பூநாரையை நேரில் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு உயர்தர உயிரியல் வகுப்பில் எங்கள் ஆசிரியை ஒரு கடற்பறவையைப் பற்றிச் சொன்னார். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 இல் மன்னாரில் ஒரு கடற்காகத்தைப் பிடித்து, அதன் முதுகில் இருப்பிடம் காட்டும் சிறு கருவியொன்றைப் பொருத்தி விட்டார்கள். அதற்கு மேகா என்று பெயர். மேகா இந்தியாவைத் தாண்டி, மத்திய ஆசியாவைத் தாண்டி, ரஷ்யாவின் வடக்கே ஆர்க்டிக் கரையிலுள்ள யமால் குடாநாடு வரை போனது. பிறகு அதே ஆண்டில் மன்னாருக்கே திரும்பி வந்தது. இதைச் சொல்லிவிட்டு ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்.

“இப்ப சொல்லுங்க பார்ப்போம். மேகாவின் ஊர் எது?”

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடம்தான் ஊர் என்றது ஒரு பக்கம். பசிக்கு உணவு தரும் இடம்தான் ஊர் என்றது மறுபக்கம். நான் வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குப் பறவையைப் பற்றிய கேள்வியாகப் படவில்லை. புத்தளத்தில் எங்களை இன்றும் ‘மன்னார் ஆக்கள்’ என்றுதான் சொல்வார்கள். சின்ன வகுப்பில் ‘அகதிப் புள்ள’ என்றும் கேட்டிருக்கிறேன். விடுமுறைக்கு எருக்கலம்பிட்டிக்குப் போனால் அங்கே நான் ‘புத்தளத்துப் புள்ள’. மேகாவுக்காவது ஒரு பெயர் இருக்கிறது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

டிசெம்பர் விடுமுறைக்கு ஆசிரியை ஒரு வேலை தந்தார். ஏதாவது ஒரு வாழிடத்தில் ஒரு முழுப் பகல் தனியாக இருந்து, கண்டதை எழுதிவர வேண்டும். கூட்டமாகப் போனால் பேச்சுத்தான் நடக்கும், பார்வை நடக்காது என்பது அவருடைய கருத்து. வீட்டு முற்றத்து மாமரம் என்றாலும் பரவாயில்லை என்றார். நான் வங்காலைச் சரணாலயத்தை எழுதிக் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னபோது வாப்பா “தனியவா?” என்று மூன்று தரம் கேட்டார். உம்மா ஒன்றும் பேசாமல் பாத்திரம் கழுவினார். அந்த மௌனம் ‘இல்லை’ என்று அர்த்தப்படும். உம்மம்மாதான் கட்டிலில் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

“போகட்டும். எனக்குக் கண் தெரிஞ்சா நானே போயிருப்பேன். பூநாரை இன்னமும் வருதா எண்டு பார்த்துட்டு வரட்டும்.”

உம்மம்மாவுக்குச் சீனி வருத்தம். ஐந்தாறு வருடங்களாகப் பார்வை மங்கி, இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். அவர் கேட்டால் வாப்பாவால் மறுக்க முடியாது. நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. மாமா கொண்டுபோய் விட்டு, மாமாவே வந்து கூட்டிப்போக வேண்டும். வீதியிலிருந்து தெரியும் தூரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். லுஹர் நேரத்துக்கு ஓர் அழைப்பு, அஸர் நேரத்துக்கு ஓர் அழைப்பு. “நேரம் தவறினா அதுதான் கடைசிப் பயணம், மகள்” என்றார் வாப்பா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அது பகிடியல்ல என்று இருவருக்கும் தெரியும்.

மாமா மீள்குடியேறி எருக்கலம்பிட்டியில் மீன் வியாபாரம் செய்கிறார். விடிய முன் வங்காலைக்குப் போய் மீன் எடுப்பது அவருடைய வழக்கம். ஸுபஹ் தொழுதுவிட்டு அவருடைய முச்சக்கரவண்டியில், ரெஜிபோம் பெட்டிகளுக்கு நடுவே ஏறிக்கொண்டேன். மன்னார் நகரத்தில் கழுதைகள் வீதியோரத்தில் தூங்கி வழிந்தபடி நின்றன. கோட்டையைத் தாண்டித் தாம்போதிக்கு வந்ததும் வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. டிசெம்பரில் எங்களுக்குப் பனி கிடையாது. மாரி மழையும் வாடையும்தான் எங்கள் குளிர்காலம். பர்தாவின் மேல் உம்மாவின் பழைய சால்வையைச் சுற்றியும் குளிர் விடவில்லை. இந்தக் குளிரைச் சூடு என்று தேடி வருகிற உயிர்கள் இருக்கின்றன என்பதை நினைக்கச் சிரிப்பு வந்தது.

தாம்போதி முடிந்து, தள்ளாடிச் சந்தியில் வலப்புறம் திரும்பி, சிலாவத்துறைப் பக்கம் போகும் வீதியில் சற்றுத் தூரம் போனதும் மாமா வண்டியை நிறுத்தினார். ஒரு புறம் பற்றைக்காடு. மறுபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீரும் சேறும்.

“அந்தப் பற்றைக்குப் பக்கத்தில இரு. காத்துப் படாது. அஞ்சு மணிக்கு இதே இடத்தில நிப்பேன்” என்று சொல்லிவிட்டு மாமா போய்விட்டார். வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்ததும்தான், என் பதினேழு வயதில் வெளியிடத்தில் முழுக்கத் தனியாக நிற்பது இதுவே முதல் தடவை என்பது உறைத்தது. நெஞ்சு படபடத்தது. பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வங்காலைச் சரணாலயத்தைப் பற்றி முன்பே வாசித்திருந்தேன். 2008 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பரப்பளவு ஏறத்தாழ 4,800 ஹெக்டேயர். 2010 இல் ராம்சர் ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டது. ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் 1971 இல் உருவான உடன்படிக்கை அது. உலகத்துக்கே முக்கியமான ஈரநிலங்களைக் காப்பாற்றுவோம் என்று நாடுகள் அதன் மூலம் ஒப்புக்கொள்கின்றன. இலங்கைக்கு அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1990 ஒக்டோபரில். முதலில் சேர்ந்தது புந்தல. இதை வாசித்த அன்று அந்த மாதத்தின் பெயரில் என் கண் நின்றுவிட்டது. பறவைகள் தங்குவதற்கு நாடு வாக்குக் கொடுத்த அதே மாதத்தில்தான் உம்மம்மா வள்ளம் ஏறினார். இரண்டுக்கும் தொடர்பொன்றும் இல்லை. ஆனாலும் என்னால் அதை மறக்க முடியவில்லை.

குளிர்காலத்தில் 20,000 க்கும் அதிகமான நீர்ப்பறவைகள் இங்கு கூடும் என்று வாசித்திருந்தேன். ஆனால் காலை ஆறரைக்கு என் கண்ணுக்கு முதலில் தெரிந்தது சேறு மட்டுமே. ஆசிரியை தந்த தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துச் சரிசெய்ததும் அந்தச் சேறு அசையத் தொடங்கியது. சேறு என்று நான் நினைத்ததில் பாதி பறவைகள். மண்ணிறமும் சாம்பலுமாக நூற்றுக்கணக்கில் உள்ளான்கள், தையல் இயந்திரத்தின் ஊசி போல அலகைக் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தன. நீளமான சிவப்புக் கால்களோடு நெடுங்கால் உள்ளான்கள் சேறு படாமல் நடந்தன. அப்பால் ஆழமான நீரில் வாத்துகள் மெத்தை விரித்தது போல மிதந்தன. அவற்றில் ஊசிவால் வாத்தைக் கழுத்தின் வெள்ளைக் கோட்டை வைத்து இனங்கண்டேன். செம்மண்ணிறத் தலையும் மஞ்சள் நெற்றியுமான இன்னொரு வகை வாத்து, சின்னப் பிள்ளைகள் விசில் ஊதுவது போலக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஆலாக்கள் காற்றில் நின்று தலைகீழாக நீரில் விழுந்து எழுந்தன. தூரத்தில், மன்னார்த் தீவின் தென்கரையில், காற்றாலைகள் மெதுவாகச் சுழன்றன. காற்று எங்களுக்கு மின்சாரமாகிறது, பறவைகளுக்குப் பாதையாகிறது, இரண்டும் ஒரே வானத்தில் என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

பூநாரையை மட்டும் காணவில்லை.

எட்டு மணியளவில் ஒரு மழை வந்தது. சால்வையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பற்றைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டு போயிருந்தேன். மழைக்குள் அதைத் தின்றது போன்ற ருசி வேறெதிலும் இருந்ததில்லை. மழை வெளித்து வெயில் அடித்ததும், நீர்ப்பரப்பின் அடுத்த கரையோரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. உப்புப் படிந்திருக்கிறது என்று நினைத்தேன். தொலைநோக்கியைத் திருப்பினேன். அந்தக் கோட்டுக்குக் கால்கள் இருந்தன.

கையெல்லாம் நடுங்கியது. ஆசிரியை சொல்லித் தந்தபடி முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதைக் கொண்டு மிச்சத்தை அளந்தேன். ஏறத்தாழ 340. எல்லாம் தலையைக் கவிழ்த்து நீருக்குள் வைத்திருந்தன. பூநாரை அலகைத் தலைகீழாக வைத்துத்தான் சாப்பிடும். நாக்கைப் பம்பு போல அசைத்து நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள சிறு தகடுகள் வடிகட்டியாக நின்று, நுண்ணிய இறால்களையும் பாசிகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த உணவிலுள்ள நிறப்பொருள்தான் அதற்கு இளஞ்சிவப்பைக் கொடுக்கிறது. பிறக்கும்போது அதற்கு அந்த நிறம் கிடையாது. கூட்டத்தில் பதினொரு பறவைகள் அழுக்குச் சாம்பல் நிறத்தில் இருந்தன. அவை இளசுகள். நல்ல நீரில் இன்னும் சில வருடம் சாப்பிட்டால்தான் அவையும் சிவக்கும்.

இவ்வளவும் சரியாகத்தான் நடந்தது. தவறு அதற்குப் பிறகு நடந்தது. அதை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

பதினொன்றரை மணிக்குக் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படம் பிடித்தேன். படத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான் வந்தது. இதை உம்மம்மாவிடம் காட்டி என்ன பயன்? அவருக்குக் கண் தெரியாது என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவில்லை. கிட்டப் போய் ஒரு நல்ல படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை மட்டுமே இருந்தது. ஆசிரியை தந்த தாளில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: ‘பறவை தலையை நிமிர்த்தினால் நில். நடக்கத் தொடங்கினால் பின்வாங்கு. பறந்தால், பிழை உன்னுடையது.’ தாள் என் பையில் இருந்தது. பை பற்றைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் சேற்றில் இறங்கிவிட்டேன்.

பறவைகள் வெருளக்கூடாது என்று தொலைபேசியின் சத்தத்தை நிறுத்தி வைத்தேன். அதுவே பெரிய கவனம் என்று எண்ணிக்கொண்டேன். முதலில் கணுக்கால் வரை புதைந்தது. பிறகு முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை. ஒரு செருப்பைச் சேறு பிடித்துக்கொண்டது. குனிந்து அதைத் தோண்டி எடுக்கவே வெகுநேரம் போனது. நிமிர்ந்து பார்த்தபோது கூட்டத்தின் ஓரத்தில் இருந்தவை தலையை உயர்த்தி நின்றன. நான் நின்றேன். அவை மீண்டும் குனிந்தன. நான் இன்னும் பத்து அடி வைத்தேன். இப்போது எல்லாத் தலைகளும் உயர்ந்திருந்தன. மெல்ல நடக்கத் தொடங்கின. பின்வாங்க வேண்டிய இடம் அதுதான். எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரேயொரு படம் என்று கையை உயர்த்தினேன்.

கூட்டம் முழுவதும் நீரின் மேல் ஓடத் தொடங்கியது. பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது. ஓடித்தான் எழும்பும். நூற்றுக்கணக்கான கால்கள் நீரை அடித்த சத்தம் பெருமழை வருவது போல இருந்தது. பிறகு சிறகுகள் விரிந்தன. வெள்ளை என்று நினைத்த பறவைகள் எல்லாம் செந்நிறமும் கறுப்புமாக மாறி என் தலைக்கு மேல் திரும்பின. என் வாழ்நாளில் அதைப் போல அழகான ஒன்றை நான் கண்டதில்லை. அதைப் பார்க்க எனக்கு உரிமை இருக்கவில்லை என்பதும் அதே கணத்தில் தெரிந்தது. அவை வாத்துகளையும் கிளப்பிவிட்டன. வாத்துகள் உள்ளான்களைக் கிளப்பின. ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பரப்பில் நானும் சேறும்தான் மிச்சம்.

“பிள்ளை! ஏன் கிட்டப் போனனீ? அதுகள் இரை எடுக்கிற நேரம்!”

வீதிக்கரையில் ஓர் அம்மா ஆடுகளோடு நின்றார். கையில் ஒரு தடி. கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி. வெட்கத்தில் எனக்குப் பதில் வரவில்லை. தட்டுத் தடுமாறிக் கரையேறினேன். அவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு குரல் தணிந்தது.

“ஆற்ற பிள்ளை நீ? தனியவோ வந்தனீ?”

“எருக்கலம்பிட்டி அம்மா. மாமா வந்து கூட்டிட்டுப் போவார். நாங்க இப்ப புத்தளத்தில இருக்கிறம்.”

“ஓ… வள்ளத்தில போன ஆக்களோ?”

“உம்மம்மா போனவங்க.”

அவர் கொஞ்ச நேரம் ஆடுகளைப் பார்த்தபடி நின்றார். “நாங்களும் வள்ளத்தில போனனாங்கள்தான். இந்தப் பக்கம்” என்று மேற்கே கடலைக் காட்டினார். “மண்டபம் முகாமில ஆறு வருசம் இருந்தனாங்கள். என்ர மூத்தவன் அங்கதான் பிறந்தவன்.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பறந்துபோன பறவைகளைப் பற்றிக் கேட்டேன். “அதுகள் திரும்பி வருமா அம்மா?”

“பொறுத்திருந்து பார். பசி எண்டு ஒண்டு இருக்குத்தானே. ஆனா நீ அசையக் கூடாது” என்றார். போகும்போது, தன் போத்தல் தண்ணீரை என் காலில் ஊற்றிச் சேற்றைக் கழுவ வைத்துவிட்டுத்தான் போனார்.

அப்போதுதான் தொலைபேசியைப் பார்த்தேன். பன்னிரண்டே முக்கால். வாப்பாவின் ஏழு தவறிய அழைப்புகள். மாமாவின் மூன்று. என் உடம்பு குளிர்ந்துவிட்டது. எடுத்த உடனே வாப்பாவின் “மகள்!” என்ற குரல் கேட்டது. பிறகு ஒரு நீண்ட மூச்சு. என்ன காரணம் சொல்லலாம் என்று ஒரு கணம் யோசித்தேன். சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். அந்த இடத்தில் அதை யாரும் நம்புவார்கள்.

“வாப்பா, பிழை என்னுடையது. சத்தத்தை நிப்பாட்டிட்டுச் சேத்துக்குள்ள இறங்கிட்டேன். நேரம் பார்க்கல்ல.”

மறுமுனையில் கடைக்கு வந்த யாரோ விலை கேட்பது கேட்டது. வாப்பா அவருக்குப் பதில் சொல்லவில்லை. “இப்ப எங்க இருக்கிறீங்க?” “கரையில.” “கரையிலயே இருங்க. உம்மாக்கு நான் சொல்றேன்” என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

லுஹரைத் தொழுதுவிட்டுப் பற்றையருகே அசையாமல் உட்கார்ந்தேன். இரண்டு மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரத்தில்தான் நிறைய யோசித்தேன். எங்கோ வடக்கில் நீர் உறைந்து உணவு அற்றுப்போகும்போது இவை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வருகின்றன. மார்ச், ஏப்ரலில் பல இனங்கள் திரும்பிப் போகவேண்டும். போவதற்குத் தேவையான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்க வேண்டும். வெருண்டு பறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சேமிப்பில் இருந்துதான் செலவாகும். நான் ஒரு படத்துக்காக ஆயிரம் உயிர்களின் பகற் சாப்பாட்டில் கைவைத்துவிட்டேன். அந்தப் படமும் கைநடுங்கிக் கலங்கலாகத்தான் வந்திருந்தது.

அந்த அம்மா சொன்னதையும் நினைத்தேன். பசி திரும்பக் கொண்டுவரும் என்பது பறவைக்குச் சரி. மனிதருக்கு அது போதாது. மாமா திரும்பி வந்தபோது வளவு காடாகிக் கிடந்தது. கிணறு தூர்ந்திருந்தது. எல்லைக்கல்லைக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கானது. பறவைக்கு உறுதிப்பத்திரம் தேவையில்லை. எங்களுக்கு வீடு வேண்டும், பாடசாலை வேண்டும், தொழில் வேண்டும். அதனால்தான் சிலர் திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை. இரு பக்கத்தையும் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலேயே மாமா திரும்பினார், உம்மா திரும்பவில்லை.

மூன்று மணிக்குச் சற்று முன்பு முதலில் உள்ளான்கள் வந்தன. பிறகு வாத்துகள். கடைசியாக, கழுத்தை நீட்டிக்கொண்டு பூநாரைகள் வந்து, முன்பு நின்ற இடத்தைவிட எனக்குக் கிட்ட இறங்கின. இருநூற்றுக்குச் சற்று அதிகம். மிச்சம் வேறெங்காவது போயிருக்கும். ஆளை நாடிப் போனபோது ஓடியவை, அசையாமல் இருந்தபோது நாடி வந்தன. தொலைபேசியைப் படம் பிடிக்கத் தூக்கவில்லை. உம்மம்மாவுக்குக் கண் தெரியாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒலிப்பதிவை அழுத்தி, மடியில் வைத்தேன். நாற்பது நிமிடம் அது தன்பாட்டுக்குப் பதிந்துகொண்டிருந்தது. அஸர் நேரத்துக்கு வாப்பாவுக்கு நான்தான் முதலில் எடுத்தேன். “மூன்றரைக்கு இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு” என்றார். அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது.

மாமா ஐந்து மணிக்கு வந்தார். வெயில் சாய்ந்து நீரெல்லாம் செம்பு நிறமாகியிருந்தது. தாம்போதியில் வரும்போது மேகாவைப் பற்றி மாமாவிடம் சொன்னேன். “ரெண்டு ஊரில எதையாவது ஒண்டை மூடிட்டா அந்தப் பறவைக்கு என்ன நடக்கும்?” என்று கேட்டார். செத்துவிடும் என்றேன். சொன்ன பிறகுதான் அது ஆசிரியையின் கேள்விக்கும் விடை என்று தெரிந்தது. யமால் இல்லாவிட்டால் குஞ்சு இல்லை. மன்னார் இல்லாவிட்டால் உயிர் இல்லை. எது ஊர் என்று தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை மேகாவுக்கு ஒருபோதும் வந்திருக்காது. என்னை மன்னார் ஆள் என்பவர்களும் சரி, புத்தளத்துப் புள்ள என்பவர்களும் சரி என்று அந்தக் காற்றில் தோன்றியது. இரண்டும் உண்மை. இரண்டையும் குறையாக எடுத்துக்கொண்டது நான்தான்.

மறுநாள் இரவு புத்தளத்தில் உம்மம்மாவின் கட்டிலோரத்தில் உட்கார்ந்து ஒலிப்பதிவைப் போட்டேன். முதலில் காற்று. பிறகு தண்ணீர். பிறகு விசில் போன்ற குரல்கள். “கேக்குதா உம்மம்மா? பூநாரை” என்றேன் பெருமையோடு.

உம்மம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். “இது பூநாரை இல்ல. இது தாரா, விசிலடிக்கிற தாரா. நீ கொஞ்சம் சும்மா இரு.”

வாப்பா கதவருகே வந்து நின்றார். உம்மாவும் வந்தார். யாரும் பேசவில்லை. ஒலிப்பதிவில் வாத்துகளுக்குப் பின்னால், வெகு தூரத்தில், பலர் கூடி மெதுவாகக் கதைப்பது போன்ற ஒரு முனகல் இருந்தது. அங்கே இருந்தபோது எனக்கு அது கேட்கவேயில்லை. உம்மம்மாவின் விரல் மெல்ல உயர்ந்தது.

“அந்தா. பின்னால கதைக்குதே, அதுதான். வந்திருக்கு.”

இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன். முடிந்ததும் வாப்பாவின் பக்கம் முகத்தைத் திருப்பி, “வாற டிசெம்பரில இவளோட நானும் போறேன். வீதியில ஒரு கதிரை போட்டுத் தந்தாப் போதும்” என்றார்.

வாப்பா என்னைப் பார்த்தார். “அப்ப மகள், லுஹருக்கு ரெண்டு பேரும் எடுக்கணும்” என்றார்.